பன்னிரண்டு ஊசியும் சுடுகாட்டு மல்லியும்

4 ஜூலை 1978
கல்லூரியில் செடிகளைக் காயவைத்து ஒட்டிய உலர்தாவரத் தாள்களைப் பூச்சி அரித்துவிட்டது. முப்பது தாள் போயிற்று. மதியம் ஆட்டையாம்பட்டிக்காரர் ஒருவர் ஒரு வேரோடு வந்தார். புற்றுநோய் பரவுவதை நிறுத்துமாம். எத்தனை பேருக்கு நின்றது, எத்தனை பேருக்கு நிற்கவில்லை என்று கேட்டேன். கும்பிட்டுவிட்டுப் போனார். தாவரவியல் துறைக்கு வருடம் இரண்டு பேராவது இப்படி வருகிறார்கள்.

19 ஜூலை
ராசிபுரத்திலிருந்து தங்கை சௌந்திரம் வந்தாள். கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. வலியில்லை. மூன்று மாதமாக இருக்கிறது. "எருமை கன்னு போடட்டும்னு இருந்துட்டனுங்கக்கா."

8 ஆகஸ்ட்
நிணநீர்க் கணுக்களில் புற்று. அக்குளுக்கும் பரவிவிட்டது. மாத்திரைகள், கூடவே ஒரு வார இடைவெளியில் மாதம் இரண்டு வீதம் பன்னிரண்டு ஊசி. பாதியில் விட்டால் திரும்பப் பரவும் என்றார் டாக்டர்.
ஊசி மருந்தின் பெயரைப் பார்த்தேன். நித்தியகல்யாணி இலையிலிருந்து எடுப்பது. எங்கள் பக்கம் சுடுகாட்டு மல்லி என்போம். வேர்க்காரரைத் திருப்பி அனுப்பியவள் நான். ஆனால் இதற்கு எண்ணிக்கை இருக்கிறது. பிழைத்தவர்கள், பிழைக்காதவர்கள், இரண்டும்.

19 ஆகஸ்ட்
இரண்டாவது ஊசி. கட்டி சிறுத்திருக்கிறது. திரும்பும்போது பஸ்ஸில், "இந்த மருந்த எதுல செய்யறாங்கக்கா?" என்றாள். சொன்னேன். ராசிபுரம் எல்லையில் பஸ் நின்றது. சுடுகாட்டு ஓரம் பூத்துக் கிடந்ததைச் சன்னல் வழியே காட்டினேன், வகுப்பில் காட்டுவதுபோல. அவள் சன்னல் தட்டியை இறக்கிவிட்டாள்.

9 செப்டம்பர்
ஊசிக்கு வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பதினொரு மணிவரை நின்றேன்.

10 செப்டம்பர்
ராசிபுரம் போனேன். அவள் மாமியார் வள்ளியாத்தாள்தான் பேசினார்.
"ஏம்மிணி, பொணம் எரிக்கிற எடத்துப் பூவ எம்மருமவ ரத்தத்துல ஏத்தறீங்க. அதோட அவ ஊட்டுக்குள்ள வந்து வெளக்குப் பத்த வெக்கோணும். நல்லாருக்குதா?"
அந்தச் செடி கடல் தாண்டி வந்தது, எங்கே முளைத்தாலும் உள்ளிருக்கும் பொருள் ஒன்றுதான் என்றேன்.
"இத நீ காலேஜுல சொல்லு. புள்ளைங்க எழுதிக்குவாங்க."
சௌந்திரத்தின் கணவர் மயில்சாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சௌந்திரம் விரல்களை நீட்டினாள். "மரத்துப் போச்சுங்கக்கா. பால் கறக்க முடியல. பூவு வேலயக் காட்டுது." மருந்தின் பக்கவிளைவு அது. சொன்னேன். நம்பவில்லை.
அவள் கேட்டாள், சொன்னேன். சரி — சுடுகாட்டைக் காட்டச் சொன்னது யார்?

13 செப்டம்பர்
மறுபடி போனேன். மூன்று நாள் யோசித்ததைக் கேட்டேன். "சுடுகாட்டுக்குப் போன ஆம்பளைங்க எப்படிங்கத்தை ஊட்டுக்குள்ள வாராங்க?"
"தலைக்கு ஊத்திட்டுத்தான்."
"ஊத்திட்டா?"
"அப்பறமென்ன, ஊட்டு ஆளுதான்."
"இவளும் ஊசி போட்ட அன்னிக்கு வெளியவே தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வரட்டுமுங்க."
என்னையே பார்த்தார். "நீ இதயெல்லாம் நம்ப மாட்டயே, அம்மிணி."
"நம்பறதில்லீங்கத்தை."
சிரித்துவிட்டார். "ஒடம்பு முடியாதவளுக்குப் பச்சத்தண்ணி ஆவாது. வெந்நி போட்டு வெக்கறன்."

16 செப்டம்பர்
மூன்றாவது ஊசி.

11 நவம்பர்
ஏழாவது. முடி முழுவதும் கொட்டிவிட்டது. வீட்டுக்கு வெளியே வள்ளியாத்தாள் ஊற்ற, நான் வெந்நீர் எடுத்துக் கொடுத்தேன். மொட்டைத் தலையில் தண்ணீர் நிற்காமல் வழிந்தது. "ஒரு சொம்பு போதும்டி. மிச்சத்த எருமைக்கு ஊத்தலாம்" என்றார் வள்ளியாத்தாள். சௌந்திரம் சிரித்து இரண்டு மாதமாகிறது. இன்று சிரித்தாள்.

13 ஜனவரி 1979
பன்னிரண்டு. கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை. குணமாயிற்று என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் எழுதவில்லை.

3 மே 1982
அரிபட்ட தாள்களில் கடைசியாக நித்தியகல்யாணிக்கு மாற்று வைத்தேன். சேகரித்த இடம்: ராசிபுரம், சுடுகாட்டு ஓரம். போன மாதம் பறிக்கப் போனபோது சௌந்திரமும் கூட வந்தாள். வள்ளியாத்தாள் இருவரையும் வாசலிலேயே நிறுத்தி வெந்நீர் ஊற்றினார். நானும் தலையைக் குனிந்து கொடுத்தேன். என் தலை பத்து நிமிடத்தில் உலர்ந்துவிட்டது. மறுபடி அடர்ந்து வளர்ந்த அவள் கூந்தல் உலர மதியமாயிற்று.