ஐந்துக்கு ஐந்து போட்ட பல்வைத்தியருக்கு

உரும்பிராய்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் நிவேதனாவுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், அந்த மலைக்குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று கும்பிடுகிறேன். போனில் சொன்னால் பேஷன்ட் வந்திட்டுது என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதுதான் பேனை எடுத்தேன். நல்ல பல்வைத்தியருக்கு என்னென்ன பண்பு வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வந்த உங்களிடம் கேட்ட படிவத்தை நிரப்பிப் படம் எடுத்து அனுப்பியிருந்தாயே, பார்த்தோம். நேர்மைக்கு ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தாய், நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்பதற்கு ஐந்து, பிழை விட்டால் ஒத்துக்கொள்வதற்கும் ஐந்து. பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடத்துக்குக்கூட நீ இப்படிப் புள்ளி எடுத்ததில்லை. அப்பா அதை வெங்காயம் வாங்க வந்தவருக்கும் காட்டினார். அன்று பின்னேரமே போன் எடுத்து, தேயிலைக் கொழுந்து பறிக்கிற பூரணத்துக்குச் சூத்தைப் பல்லை விட்டுவிட்டுப் பக்கத்து நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டேன் என்று அழுதாய். அழுதது சரி. அழுது முடித்துச் சொன்ன கதைதான் எனக்குப் பொறுக்கவில்லை. பல்லுக்கொதி நிற்காமல் வலிக்குதென்று அடுத்த வியாழக்கிழமை அந்த மனிசி திரும்ப வருகிறாவாம், இதுவும் பழுதாகிவிட்டது என்று சொல்லி மற்றதையும் பிடுங்கிவிடுவாயாம், அவவுக்கு ஒன்றும் தெரியவராதாம். இந்தத் திறமைக்கும் படிவத்தில் இடம் விட்டிருந்தார்களா, பிள்ளை?

கேட்டுத்தானே பிடுங்கினனான், அவவும் தலையாட்டினவதானே என்று வேறு சொன்னாய். ஆட்டாமல் என்ன செய்வா? டொக்டருக்கு இல்லையென்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. போன மாதம் நானும் பல்லுக்கொதியோடு இங்கே பக்கத்துத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே புதிதாக வந்திருக்கிற டொக்டர் ஜெயசுதனுக்கு உன் வயதுதான் இருக்கும், தலைமயிரை முள்ளம்பன்றி மாதிரி நிமிர்த்தி வைத்திருந்தான். இவன் எங்கே உருப்படப் போகிறான் என்று நினைத்துக்கொண்டே அவன் கேட்டதற்கெல்லாம் ஓம் ஓம் என்றேன். அவன் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அம்மா, எல்லாத்துக்கும் ஓமெண்டுறியள், எனக்குப் பயமாக் கிடக்கு, எந்தப் பல்லெண்டு உங்கடை விரலாலை தொட்டுக் காட்டுங்கோ என்றான். தொட்டேன். அவன் பிடுங்க நினைத்திருந்தது வேறு பல். பிழை விடப் பாத்தன், குறை நினையாதேங்கோ என்று நேரே என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். அவன் உங்கள் படிவத்தை நிரப்பினானோ தெரியாது.

அப்பாவிடம் சொன்னால், பேசாமல் இரு, பிள்ளையின்ரை வேலைக்கு உலை வையாதை என்று என்னைத்தான் ஏசுகிறார். வேலை போனால் வா, வெங்காயம் நட ஆள் இல்லாமல் நிற்கிறோம், நல்லதையும் அழுகலையும் பிரித்துப் பார்க்கவும் பழகலாம். பகிடி விட்டாலும் எனக்கும் பயம்தான். நீ கண் விழித்துப் படித்த வருடங்களை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த மனிசி போகும்போது உனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனதாகச் சொன்னாயே, அதை நினைக்க எனக்குச் சோறு இறங்குதில்லை.

தலைக்கு எண்ணெய் வை, நேரத்துக்குச் சாப்பிடு, ஒரு குறையும் வராமல் நல்லாயிரு பிள்ளை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வியாழக்கிழமை பூரணத்தைக் கதிரையில் இருத்தி, விறைப்பு ஊசி போடுவதற்கு முதலே உள்ளதைச் சொல்லு. வாய் விறைத்த பிறகு சொன்னால் அவவால் உன்னை ஏச முடியாது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
செ. நாகேஸ்வரி