தாப்பா என்றால் பாப்பா

என் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், அப்பா உட்கார்ந்திருக்கிறார், இப்போதைக்கு இதுதான் எங்கள் நலம். நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எழுதுகிறாளே என்று நினைக்காதே, போன் அப்பா கையில்தான் இருக்கிறது, என்னைத் தொடக்கூட விடுவதில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனதிலிருந்து பயிற்சி கொடுக்கிற பெண் வீட்டுக்கே வருகிறாள். ஒரு வார்த்தை வராவிட்டால் அதே ஓசையில் இன்னொன்றைச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதோடு சேர்ந்த பொருளைக் காட்டுங்கள், அதைப் பிடித்துக்கொண்டு இது வந்துவிடும் என்றாள். நான் முட்டை முட்டை என்றேன், சட்டை வந்தது. காலமெல்லாம் சட்டை தைத்த மனுஷனுக்கு அந்த வார்த்தைக்கே முட்டையின் தயவு வேண்டியிருக்கிறது, என்னத்தைச் சொல்லி அழ. இப்போதும் சட்டை வேண்டுமென்றால் முட்டை என்றுதான் ஆரம்பிக்கிறார், விவரம் தெரியாதவர்கள் அவித்துக் கொண்டுவந்து நீட்டிவிடுவார்கள்.

உன்னைக் கூப்பிடத்தான் அவருக்கு வரவில்லை. பாப்பாவுக்கு ஓசை ஒத்து எனக்குத் தெரிந்தது கதவுத் தாப்பா ஒன்றுதான். அதைத் தட்டித் தட்டிக் காட்டினேன், தாப்பாவையே பார்த்தாரே தவிர பாப்பா வரவில்லை. பிறகு நீ பேசும்போதெல்லாம் போனைக் காட்டி பாப்பா, பாப்பா என்றேன். ஒரு நாள் மணி அடித்ததும் அவரே தெளிவாகச் சொல்லிவிட்டார். தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன், பைத்தியக்காரி. அப்புறம்தான் தெரிந்தது, போனுக்குத்தான் அந்தப் பெயர் என்று நினைத்திருக்கிறார். கேஸ்காரன் கூப்பிட்டாலும் பாப்பாதான். போனைத் துண்டில் சுற்றித் தலையணையில் படுக்க வைக்கிறார். உன் போட்டோவை நீட்டினால் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போனைக் காட்டுகிறார். பக்கவாதம் இன்னொரு தடவை வந்தால் இருக்கிற நாலு வார்த்தையும் போய்விடும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அதனால் லீவு, அது இது என்று பார்த்துக்கொண்டிருக்காமல் கிளம்பி வா.

உனக்கு ஒரு குறையும் வராது, தீர்க்காயுசாக இருப்பாய். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வந்து இறங்கியதும் போன் பண்ணாதே, பண்ணினால் உன்னைக் கூப்பிட வேண்டிய பெயரால் போனையே கூப்பிட்டுவிடுவார். கதவைத் தட்டு. அவர் நாற்காலியைக் கதவோரம் போட்டு வைத்திருக்கிறேன், தாப்பாவை அவர் கையாலேயே எடுக்கச் சொல்கிறேன்.

உன் அம்மா