நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை

சேலையூர்
14.3.1989

கர்த்தருக்குள் அன்பான மகள் ஹில்டாவுக்கு அம்மா எழுதுறது. ஸ்தோத்திரம். நாங்க சுகம், நீ சுகமான்னு எழுதித்தான் இந்தக் கை பழகியிருக்கு, ஆனா இந்தத் தடவை நாங்கன்னு எழுத இங்க ரெண்டு பேர் இல்லை. உங்கப்பா இந்த மாசம் ரெண்டாம் தேதி, வியாழக்கிழமை காலையில பத்தேகால் மணிக்குக் கர்த்தருக்குள் நித்திரை அடைஞ்சாரு. மறுநாளே அடக்கம் முடிஞ்சுது. இது உன் கைக்கு வர்றதுக்குள்ள மண்ணு அமுங்கியிருக்கும். தந்தி குடுக்கலை. அவரோட ரயில்வேல முப்பது வருஷம் வேலை பார்த்த வேதாசலம் அண்ணன் இருக்காரே, மஸ்கட்டுக்கு ட்ரங்க் கால் போட்டுட்டு வந்துடறேன்மான்னு சைக்கிளை எடுத்தாரு, நான்தான் ஹேண்டில் பாரைப் புடிச்சு நிறுத்தினேன். நீ வந்து இன்னா செய்யப் போற? காதுலயும் கழுத்துலயும் நகையை மாட்டிக்கினு ஓடி வந்து, உயிர்த்தெழுதல் தெரியாத ஜனங்க மாதிரி பொட்டி மேல விழுந்து பொரளுவ, சபை பார்க்கும். அந்த அசிங்கம் வேணாம்னுதான் விட்டுட்டேன். கோவம் வந்தா வரட்டும்.

உன்னை ஒண்ணு கேக்கறேன். போன வருஷம் மஸ்கட்டுல இருந்து லீவுல வந்த துரைகிட்ட அப்பாவுக்குன்னு ஜிப்பு வச்ச கறுப்பு பைபிள் கவர் அனுப்பினியே, அதைப் பார்த்து நான் எவ்வளவு பூரிச்சுப் போனேன் தெரியுமா. அரபுக்காரன் ஊருக்குப் போயும் எம் பொண்ணுக்கு வேதத்து மேல வாஞ்சை இருக்குன்னு உபவாச ஜெபத்துல சாட்சி வேற சொன்னேன், பைத்தியக்காரி. டிசம்பர் மழையில கூட்டத்துக்குப் போய்ட்டு வந்து கவர் நனைஞ்சுபோச்சேன்னு வெயில்ல காய வைக்கக் கழட்டினா, பைபிளுக்கும் கவருக்கும் நடுவுல ஒரு மாத்திரை அட்டை. கூடவே ஒரு சீட்டு, நெஞ்சு வலிச்சா உடனே ஒண்ணு நாக்குக்கு அடியில வையிங்கப்பான்னு உன் முத்து முத்தான கையெழுத்துல. நம்ம சபையில மருந்து தொட மாட்டாங்கன்னு உனக்குத் தெரியாதாடி? அவருக்கு மொத மொதல்ல நெஞ்சு வலி வந்தப்போ மூணு நாள் பச்சைத்தண்ணி குடிக்காம நான் ஜெபிச்சு, கர்த்தர் சுகம் குடுத்தாருன்னு ரெண்டு வருஷமா பெருங்களத்தூர் வரைக்கும் போய்ச் சாட்சி சொல்லிக்கினு இருக்கேன், இந்த மனுஷன் என்னடான்னா வேதத்துக்குள்ளயே மாத்திரையை வச்சுக்கினு என் பக்கத்துல நின்னு அல்லேலூயா பாடியிருக்காரு. வலி வந்தா ஜிப்பைத் திறந்து தலையைக் குனிஞ்சிக்குவாரு. நான் உருக்கமா ஜெபிக்கிறாருன்னு நெனைச்சுக்கினு நானும் கண்ணை மூடிக்குவேன்.

பாஸ்டர் ஐயா என்னமோ நல்லவருதான், விட்டுடுங்கம்மா, அவரே கர்த்தர்கிட்ட சொல்லிக்கட்டும்னாரு. நான் விடலை. ஞாயித்துக்கிழமை சபை நடுவுல உங்கப்பாவை எழுப்பி நிறுத்தி அறிக்கை பண்ண வச்சேன். விசுவாசம் இல்லாம சாப்பிடலைங்க, பொண்ணு அவ்ளோ தூரத்துல இருந்து அனுப்பினதை எப்பிடி வேணாம்னு சொல்றதுன்னாரு. சகோதரிங்க ரெண்டு பேர் வாயைப் பொத்திக்கினு சிரிச்சாளுங்க, எனக்கு மானமே போச்சு. மூணு மாசத்துக்கு இவருக்குத் திருவிருந்து வேணாம்னு நானே ஐயாகிட்ட கேட்டு வாங்கினேன். பிப்ரவரி மாசம் திருவிருந்து அப்பத் தட்டு வரிசையா வந்தப்போ பழக்கத்துல கை நீட்டிட்டாரு. தட்டு அடுத்தவருக்குப் போயிடுச்சு. நீட்டின கையை மூடி மடியில வச்சுக்கினாரு, நான் பொம்பளைங்க பக்கத்துல இருந்து பார்த்துக்கினுதான் இருந்தேன்.

கல்நெஞ்சக்காரின்னு சொல்லுவ. சொல்லிக்கோ. நான் இந்துக் குடும்பத்துல பொறந்தவ, உங்கப்பாவைக் கட்டிக்கினதுக்காக எங்கண்ணன் அரிகிருஷ்ணன் என்னைத் தலை முழுகிட்டான். எங்கம்மா செத்ததுக்கு ஓடினேன், நீ எதுக்கு வந்தே, உனக்கு இங்க இன்னா கீதுன்னு தெருவுலயே நிறுத்திட்டான், எங்கம்மா மொகத்தைக்கூடப் பார்க்கலை. அந்த வலி எனக்குத் தெரியும். தெரிஞ்சிருந்தும்தான் உனக்குத் தந்தி குடுக்கலை. அப்பா அம்மாவை விட்டேன், சபைக்காகத் தோடு தாலி கழட்டினேன், பரலோகத்து அக்கரையிலாவது இந்த மனுஷனோட பிரியாம இருக்கணும்னுதானே இத்தனையும். கர்த்தர் வருகையில எக்காளம் ஊதறப்போ இவரு பாதி ஆயத்தத்தோட கீழ நின்னுட்டா நான் மட்டும் மேல போயி யார்கூட இருக்கிறது? அதுக்காகத்தான் அவ்வளவு அடிச்சு அடிச்சுத் திருத்தினேன், அது உனக்குப் புரியாது.

அந்த அட்டையைத் தூக்கிப் போடாம அவரு கண்ணு முன்னாலயே அரிசி டின்னுல வச்சிருந்தேன். எடுக்கறாரா பார்ப்போம்னுதான். ஆறு மாத்திரை இருந்துது. சோத்துக்கு அரிசி எடுக்கறப்பல்லாம் எண்ணுவேன், ரெண்டு மாசமா ஆறு ஆறாவே இருந்துது. அன்னைக்கு வியாழக்கிழமை குழாயடியில இருந்து ரெண்டாவது குடத்தைக் கொண்டாந்து இறக்கினவரு அப்பிடியே நெஞ்சைப் புடிச்சுக்கினு சுவத்தோரமா உக்காந்துட்டாரு. மூஞ்சியெல்லாம் வேர்வை. கனகு, அரிசி டின்னுன்னாரு. எனக்கு ஒண்ணும் ஓடலை. போய் மூடியைத் திறந்து அட்டையை எடுத்துட்டேன்டி, கையில எடுத்துட்டேன். அப்புறம்தான் நெனைச்சேன், ரெண்டு மாசம் ஜெயிச்ச மனுஷனை நானே கெடுக்கறதான்னு. ஸ்தோத்திரம் சொல்லுங்க, சொல்லுங்க, சரியாயிடும்னு கெஞ்சினேன். அவரு கையைத்தான் நீட்டினாரு. அப்பத் தட்டுக்கு நீட்டின மாதிரியே நீட்டினாரு. நான் என் கையை முதுகுக்குப் பின்னால வச்சுக்கினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு அந்தக் கையை மூடி மடியில வச்சுக்கினாரு. அதோட சரி.

அடக்கத்துல எல்லாரும் எப்பிடிப் போனாருன்னு கேட்டாங்க. மூணு தரம் ஸ்தோத்திரம் சொல்லிட்டுச் சிரிச்ச மொகமா போனாருன்னு சாட்சி சொன்னேன். சபையே கையைத் தூக்கி ஆர்ப்பரிச்சுது. ஜெயம் எடுத்தவர்னு பாட்டோட மண்ணுல வச்சாங்க. பொய்யருக்குப் பங்கு அக்கினிக் கடல்லதான்னு எனக்குத் தெரியாதா? அறிக்கை பண்ணிட்டா என் பாவம் போயிடும், ஆனா அரிசி டின்னுன்னு சொல்லிட்டுச் செத்தவர்னு அவரு பேரு நாறிடும். அதனால வாயைத் திறக்க மாட்டேன். ஆக, அவரு பரலோகத்துல இருந்தா நான் அங்க போக முடியாது. எல்லாம் உன்னாலதான். நீ அந்த அட்டையை அனுப்பாம இருந்திருந்தா கர்த்தர் பேரைச் சொல்லிக்கினு போயிருப்பாரு, நானும் பொய் சொல்லாம இருந்திருப்பேன்.

லீவு கெடைச்சாலும் இப்ப வராதே, வந்து இன்னாத்தைப் பார்க்கப் போற. அங்க வெள்ளிக்கிழமை ஆராதனை நடக்குதாமே, தப்பாம போ. நகையைக் கழட்டு. வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி ட்யூட்டி முடிச்சு வெறும் வயித்தோட படுக்காதே. ஆயத்தமா இரு, எப்ப எது வரும்னு யாருக்கும் தெரியாது. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உங்கப்பாவோட ஆசீர்வாதத்தையும் சேர்த்து நானே சொல்லிடறேன்.

ஒண்ணே ஒண்ணு. நீ நர்ஸு. நான் அந்த மாத்திரையைக் குடுத்திருந்தா பொழைச்சிருப்பாரா மாட்டாரான்னு உனக்குத் தெரியும். அதை மட்டும் எனக்கு எழுதிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா
கனகவல்லி யேசுதாசன்