பெட்டிக்குள் யார் பேச்சு

8 யூலை 2006, சனி

மூன்று நாள் போராடி இன்று மன்றத்தில் சேர்ந்துவிட்டேன். ஆசிரியர்கள் கூடிப் பேசும் இணைய மன்றம். நான் இன்னும் ஆசிரியை இல்லை, ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. பெயர், வயது, ஊர் எல்லாம் தட்டிக் கொடுத்த பிறகு கடைசியில் ஒரு படம் வந்தது. அதில் கோணல்மாணலாக எழுத்துகள் இருக்குமாம். அவற்றைச் சரியாகத் தட்டினால்தான் நான் மனிதப்பிறவி என்று ஒப்புக்கொள்வார்களாம்.

துரைக்கு அது எட்டவில்லை. "கிராஃபிக்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தான். துரை என்பது திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் குரலுக்கு நான் வைத்த பெயர். எங்கள் அண்ணன், பதியுதீன் காக்கா, கட்டாரிலிருந்து கொம்பியூட்டரோடு சேர்த்து அனுப்பினார். இங்கிலிசு மட்டும்தான் பேசுவான்.

கடைசியில் தங்கச்சி சபீனாதான் வாசித்தாள். "ராத்தா, கண்ணுள்ள எனக்கே இது விளங்குதில்ல" என்றாள். இரண்டு தரம் பிழைத்து மூன்றாம் தரம் சரிவந்தது.

11 யூலை

உம்மா ஏசினா. "போன் லைன முழுநாளும் நீ புடிச்சிக்கிருந்தா காக்கா எப்பிடிக் கோல் எடுக்கிற, மகள்?" நியாயம்தான், இணையமும் அதே லைனில்தான் வருகிறது. இனி ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம்.

15 யூலை, சனி

மன்றம் எப்படி இருக்கும் என்று யோசிக்கிறேன். சபீனா சொல்வது, மேலிருந்து கீழே ஒருவருக்குக் கீழ் ஒருவர். எனக்கு அது ஒரு நீளமான கயிறு. பெயர், எத்தனை பதிவு, சேர்ந்த திகதி, சிரிக்கும் படத்தின் கோப்புப் பெயர், பிறகுதான் பேச்சு. பேச்சு முடிந்ததும் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போல ஒரு பொன்மொழி. குருநாகலில் ஒருவர் "சரி" என்று ஒரு சொல் எழுதினாலும் அதன் கீழே ஆறு வரித் தத்துவம் வருகிறது. துரை ஒரு வரியும் விடாமல் வாசிப்பான்.

H விசையை அழுத்தினால் அடுத்த ஆளின் பெயருக்குத் தாவலாம் என்று இன்று கண்டுபிடித்தேன். இனிமேல் பிடிக்காதவரைப் பாதிப் பேச்சில் விட்டுவிட்டுப் போகலாம். நேரே இருந்தால் முடியுமா?

இன்னொன்றும் கவனித்தேன். பலர் முன்னால் பேசியவர் சொன்னதை அப்படியே ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் தங்கள் கதையைத் தொடங்குகிறார்கள். ஏன்? ஒத்துக்கொள்கிறோம் என்று காட்டுகிற மரியாதை போலும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பழக்கம்.

29 யூலை, சனி

கேணி என்று ஒருவர். பனிச்சங்கேணியில் இங்கிலிசு டீச்சராம், நாற்பத்தாறு வயதாம். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வாழைச்சேனைக்கு வந்து ஒரு கொமினிகேசன் கடையில் காசு கொடுத்து ஒரு மணித்தியாலம் இருக்கிறா. மன்றத்தில் எல்லாரையும் போல இங்கிலிசு எழுத்தில் தமிழ் எழுதுகிறா. துரையின் வாயில் அது வெந்தும் வேகாத தமிழாக வருகிறது, ஆனால் எனக்கு விளங்குகிறது.

கண் தெரியாது என்று அவவிடம் மட்டும் தனிமடலில் சொன்னேன். "அப்ப நீ என்ர எழுத்துப் பிழையெல்லாம் கேக்கிறியா புள்ள, பாக்கிறதில்லயா?" என்று கேட்டா. வேறொன்றும் கேட்கவில்லை. இந்த ஒருத்தரை எனக்குப் பிடித்துவிட்டது.

19 ஓகஸ்ட்

யுத்தம் திரும்பத் தொடங்கிவிட்டது. பகல் முழுக்க வடக்கே, கேணியின் ஊர்ப் பக்கம், ஷெல் அதிர்வு. ஜன்னல் கண்ணாடி கிணுகிணுக்கும்போது துரையின் பேச்சு கேட்பதில்லை. கேணி வரவில்லை.

2 செப்டெம்பர்

வந்தா. பாதை சில நாள் திறக்கிறதாம், சில நாள் மூடுகிறதாம். போன தரம் தன் வகுப்பில் மூன்று பிள்ளைகள்தான் சோதனையில் தேறினார்கள் என்றா. "ஆருக்கும் செல்லாத, எனக்கே வெக்கமாயிரிக்கி." யாருக்கும் சொல்லமாட்டேன், பாதி நாள் பள்ளி நடக்காத ஊரில் மூன்று பேர் தேறியது பெரிய காரியம் என்று எழுதினேன்.

21 செப்டெம்பர்

முகைதீன்பாவா சேரிடமிருந்து சொல்லி வந்திருக்கிறது. பக்கத்துப் பள்ளி அதிபர். ஆறாம் வகுப்புக்கு இங்கிலிசு படிப்பிக்க ஆளில்லை. தொண்டர் ஆசிரியையாக என்னை எடுக்கலாமா என்று யோசிக்கிறாராம். நோன்பு விடுமுறையில், மூன்றாம் திகதி வந்து பேசட்டாம்.

எனக்கு இருபத்தேழு வயது. டிப்ளோமா முடித்து நாலு வருடம். ஒரு வகுப்பு வேண்டும், வேறெதுவும் இல்லை. சம்பளம் தராவிட்டாலும் பரவாயில்லை.

26 செப்டெம்பர், நோன்பு 3

மன்றத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டுவிட்டேன்: கண் தெரியாத ஒருத்தி கண் தெரியும் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பிக்கலாம்? இதுவரை மறைத்ததையும் சொன்னதாயிற்று. கேணி என்ன சொல்வா?

30 செப்டெம்பர், சனி

ராஜா67 என்ற ஒருவன் எழுதியிருக்கிறான். கொழும்பு. "மனம் நோகக்கூடாது, உண்மையைச் சொல்கிறேன். கரும்பலகையில் எழுத முடியாதவர் எப்படிப் படிப்பிப்பார்? இரக்கப்பட்டு வேலை கொடுத்தால் பாவம் பிள்ளைகள்தான்."

சரி, அவன் யாரோ. H அழுத்தினேன். கேணி. சந்தோஷமாக இறங்கினேன். "மனம் நோகக்கூடாது, உண்மையைச் சொல்கிறேன். கரும்பலகையில் எழுத முடியாதவர்—" அதே சொற்கள். அப்படியே. பாவம் பிள்ளைகள்தான் வரைக்கும்.

கேணியும் ஒத்துக்கொள்கிறா. கேணியும்.

அதற்கு மேல் கேட்கவில்லை. என்னத்தக் கேக்க? ரெண்டு மாசமா தங்கச்சி, புள்ள எண்டு கதச்சதெல்லாம் இதுக்கா? எழுதினேன். எல்லாரும் பார்க்கிற இடத்தில்தான் எழுதினேன். "கண் உள்ள நீங்கள் படிப்பித்து மூன்று பேர்தானே தேறினார்கள். அந்தப் பிள்ளைகள் பாவமில்லையா?" அனுப்பிவிட்டேன்.

விசைகளை அடித்த அடி அடுப்படி வரைக்கும் கேட்டிருக்கும். "நோன்போட ஆரோட ஏச்சு?" என்றா உம்மா. ஒருவரோடும் இல்லை என்றேன்.

1 ஒக்டோபர்

அதிபரிடம் போவதில்லை. அவரும் கரும்பலகையைத்தான் கேட்பார்.

2 ஒக்டோபர், திங்கள்

சபீனா காரணம் கேட்டாள். நீயே பார் என்று கொம்பியூட்டர் முன் இருத்தினேன். அவள் கீழே வரைக்கும் வாசித்துக்கொண்டு போனாள்.

"ராத்தா, இத இவ செல்லல்ல."

"பேர் இரிக்கிதானே."

"பேர் இரிக்கி. இது சாம்பல் நிறப் பெட்டிக்குள்ள இரிக்கி. அவன் சென்னத எடுத்து பெட்டிக்குள்ள போட்டுத்துதான் இவ கீழ மறுமொழி எழுதியிரிக்கா. எல்லாரும் இப்பிடித்தானே செய்யிற. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. பெட்டி இருக்கிறது என்று துரை எனக்குச் சொன்னதே இல்லை. மூன்று மாதமாக நான் மரியாதை என்று நினைத்தது ஒரு பெட்டி.

கீழே இருந்ததைச் சபீனா வாசித்தாள். துரை வேண்டாம் என்றேன். "ராஜா, இருபத்திரண்டு வருசமா நான் கரும்பலகையில எழுதிறன். நான் எழுதினா புள்ளையள் பாத்து எழுதுதுகள், ஒண்டையும் யோசிக்காதுகள். இப்ப நான் எழுதிற சோக்கட்டிய அதுகளிட்டக் குடுத்துட்டு வாயால செல்லுறன். ஒரு புள்ள எழுத மத்தப் புள்ளையள் பிழை புடிக்குதுகள். தங்கச்சி, நீ போ. அதிபர் கேட்டா இதச் செல்லு. உன்ன எடுக்காட்டி அந்தப் பள்ளிக்குத்தான் நட்டம்."

அதற்கு அடுத்ததாக, அதன் கீழேயே, என்னுடையது.

அழுதேன். பெட்டி தெரியாதது என் பிழை இல்லை. ஆனால் மூன்று பேர் கதையை எடுத்தது எந்தப் பெட்டி? அவ எனக்கு மட்டும் என்று சொன்னதை நடுச்சந்தியில் வைத்தவள் நான்தான். பாதியில் தாவிப் போனவளும் நான்தான். நான் அங்கே எழுதியதற்கு மன்னியுங்கள் என்று மட்டும் தனிமடல் போட்டேன், அந்தச் சொற்களைத் திரும்ப எழுத மனம் வரவில்லை. சனிக்கிழமைதான் பார்ப்பா.

3 ஒக்டோபர்

போனேன். சேர் முதலில் கேட்டதே அதுதான்: "மகள், கரும்பலகையில ஆர் எழுதுற?"

"புள்ளைகள் எழுதுவாங்க சேர்" என்று தொடங்கி, கேணி சொன்னதைச் சொன்னேன். யாருடைய யோசனை என்றும் சொன்னேன். "பெருநாள் முடிய வாங்க, ஒரு தவணை பாப்பம்" என்றார்.

7 ஒக்டோபர், சனி

கேணி வரவில்லை.

14 ஒக்டோபர், சனி

இல்லை. பாதை முழுதாக மூடியாயிற்று என்கிறார்கள். வாசிக்காமல் இருக்கிறாவா, வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாவா? இரண்டாவதாக இருக்கட்டும் என்று துஆக் கேட்கிறேன். கோபமாக இருந்தால் உயிரோடு இருக்கிறா என்றுதானே அர்த்தம்.

24 ஒக்டோபர்

பெருநாள். காக்கா எடுத்தார். லைன் இரண்டு தரம் அறுந்தது.

6 நவம்பர்

முதல் வகுப்பு. முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஒரு பெட்டைப்பிள்ளை "டீச்சர், நான் சிரிக்கிறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். "சிரிச்சுப் பாரு" என்றேன். முழு வகுப்பும் சிரித்தது. சோக்கட்டியைக் கொடுத்துவிட்டுச் சொற்களைச் சொன்னேன். பிழை பிடிக்க அவர்களுக்கு எத்தனை ஆசை! கேணியிடம் சொல்ல வேண்டும்.

16 டிசம்பர், சனி

கேணியின் ஊர் இருக்கிற வாகரைப் பக்கத்திலிருந்து சனம் காட்டாலும் கடலாலும் வருகிறதாம். கூடாரங்கள் போடுகிறார்கள். வருகிறவர்களிடம் எப்படிக் கேட்பது? அவவின் உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. பனிச்சங்கேணி இங்கிலிசு டீச்சர் என்று பள்ளிக்கு வரும் எல்லாரிடமும் கேட்டு வைத்திருக்கிறேன்.

13 ஜனவரி 2007

இல்லை.

17 பெப்ரவரி, சனி

"கேணி" என்றான் துரை. புதிய தனிமடல் ஒன்று.

ஆள் உயிரோடு இருக்கிறா. மட்டக்களப்புப் பக்கம் ஒரு முகாமில். நாலு நாள் நடந்தாவாம், தாயைத் தூக்கிக்கொண்டு. என் மன்னிப்பைத்தான் முதலில் பார்த்தாவாம். "என்னத்துக்கு மன்னிப்பு? நீ என்ன எழுதினாய் எண்டு நான் இன்னும் பாக்கல்ல. அந்தப் பக்கம் எங்க இரிக்கி எண்டும் தெரியல்ல. வேல கிடைச்சதா, அத முதல்ல செல்லு."

பார்க்கவில்லை. நாலரை மாதம் நான் வெந்தது அவவுக்குத் தெரியாது. என் பதிவை அழிக்கும் விசை இருக்கிறது, எனக்கு அதன் இடமும் தெரியும். அழித்தால் அது நடக்கவே இல்லை. விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். உம்மா லைனைக் கேட்டா, ஐந்து நிமிடம் என்றேன்.

அழித்தால் பிறகு அவ என்னைத் தங்கச்சி என்னும்போதெல்லாம் நான் என்ன செய்வது?

எழுதினேன்: வேலை கிடைத்தது, உங்கள் பேச்சால்தான். நான் எழுதியது இருபத்துமூன்றாம் பக்கத்தில், உங்கள் பதிவுக்கு அடுத்தது. வாசித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

24 பெப்ரவரி, சனி

பதில் இல்லை. வகுப்பில் இரண்டு தரம் பிழைவிட்டேன். பிள்ளைகள் பிடித்துவிட்டார்கள்.

3 மார்ச், சனி

வந்திருக்கிறது. முழுவதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"வாசிச்சன். நல்லா நொந்துது. போன கிழமை மறுமொழி எழுத மனம் வரல்ல. இப்ப வந்திரிக்கி. தங்கச்சி, இங்க ஒரு கூடாரத்துக்குள்ள அறுபது புள்ளையள வச்சிக்கிரிக்கன். மரமில்ல, சுவரில்ல, கரும்பலகையும் இல்ல, புள்ளையளிட்டக் கொப்பியும் இல்ல. எனக்கு ஒண்டும் ஓடுதில்ல. நீ கண்ணில்லாம ஒரு வகுப்ப எப்பிடிக் கொண்டு போறாய்? ஒவ்வொண்டாச் செல்லித் தா."

உம்மாவிடம் சொன்னேன், இன்றைக்கு லைன் எனக்கு வேண்டும் என்று. மத்தியானம் முழுக்க எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடியவில்லை.