ஜிப்சி கித்தாருக்கு எலெக்ட்ரிக் கம்பி

யோங் பெங், ஞாயிறு இரவு

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இன்று ஒரு வரலாற்று முடிவெடுத்தேன். என் ஜிப்சி ஜாஸ் கித்தாரில் எலெக்ட்ரிக் கித்தார்க் கம்பிகளை மாட்டினேன். விவரமறிந்தவர்கள் இதைப் பாவம் என்பார்கள்; கணீரென்ற ஓசை மங்கிவிடுமாம். எனக்கு வேண்டியதும் அதுதான். "பக்கத்து வீட்டு அக்கா இன்னொரு தடவ வந்து கத்தினாங்கன்னா, இது லாயாங் லாயாங் ஊர்ல இருக்கற எங்கண்ணன் வீட்டுக்குப் போயிரும் லா," என்று மனைவி எச்சரித்திருந்தாள்.

மாலை முழுவதும் வாசித்தேன். யாரும் கதவைத் தட்டவில்லை. மனைவி டிவியின் சத்தத்தைக்கூடக் கூட்டவில்லை. கித்தார் தப்பியது. அப்படியொரு நிம்மதி.

இருட்டிய பிறகு அக்கா வேலியோரம் வந்தார்.

"என்ன தம்பி, இன்னிக்குச் சத்தமே காணோம்? உடம்பு சரியில்லையா?"

"லேசா காய்ச்சல்க்கா."

நாளை காலை கஞ்சி கொண்டுவருகிறார்.