நீ வாங்கிப் பாடிய கடைசி அடி

இன்று கடையில் ஒருவர் வந்து வெள்ளைத் துணி கேட்டார். அவர் கையில் எஞ்சின் எண்ணெய் வாசனை, அதன்மேல் சோப்பு வாசனை. "தொடாதீங்க, கறை படும்" என்று வழக்கம்போல் சொல்ல வந்தவன் வாயை மூடிக்கொண்டேன். நீயும் ரயில் பட்டறையிலிருந்து வந்து மூன்று தடவை சோப்புப் போட்ட பிறகுதான் ஆர்மோனியத்தில் கை வைப்பாய். அப்படியும் அந்த வாசனை போகாது. அவருக்குத் துணியைக் கொஞ்சம் தாராளமாகவே அளந்து கொடுத்தேன். முதலாளி முறைத்தார்.

காவடிச் சிந்து கட்டுகிறவர்கள் நாம் இரண்டு பேரும். நீ பிரிக்பீல்ட்ஸில், நான் கிள்ளானில். மாதம் ஒரு ஞாயிறு ரயிலேறி, ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போவோம். நீ கட்டியதை நான் கிள்ளான் கோயிலில் பாடுவேன், நான் கட்டியதை நீ உங்கள் பஜனை மடத்தில் பாடுவாய். யார் பாடினாலும் கடைசி அடியில் கட்டியவன் பேர்தான் வரும். "பாட்டை யாரு வேணா பாடட்டும்யா, பேரு அதுல இருந்தாப் போதும்" என்பாய். என் பாட்டு சுமாராக இருந்தால்கூட என் பேர் வரும் அடியை நீ அழுத்திப் பாடுவாய். எனக்கே வெட்கமாக இருக்கும். ஆனாலும் நிறுத்தச் சொன்னதில்லை.

ஒரு வருஷம் தைப்பூசத்துக்கு முன்னால் நீ ஒன்று கட்டினாய். முருகன் மயிலை விட்டு இறங்கி, மூன்றாம் வகுப்பு ரயிலில் நம் ஆட்களோடு நெருக்கியடித்துக்கொண்டு பத்துமலைக்கு வருகிற பாட்டு. கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? நீயோ, "உன் தொண்டைக்குத்தான்யா இது நிக்கும். நீயே முதல்ல பாடு" என்று தாளை நீட்டினாய்.

உங்கள் மடத்தில்தான் பாடினேன். நான் முன்பாட்டு. நீ ஆர்மோனியமும் பின்பாட்டும். முன்வரிசையில், தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மகளை எனக்குப் பேசிக்கொண்டிருந்த சமயம். துணிக்கடையில் கஜக்கோல் பிடிக்கிறவனுக்குப் பெண் கொடுக்க அவருக்கு மனமில்லை. பையன் பாட்டுக் கட்டுகிறவன் என்று யாரோ சொல்ல, சரி, கேட்டுப் பார்ப்போம் என்று வந்திருந்தார். ரயில் பத்துமலையை நெருங்கும் இடத்தில் மனுஷர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி அடி வந்தது. உன் பேர் வர வேண்டிய இடத்தில் நான் என் பேரைப் பாடினேன்.

முன்பாட்டுக்காரன் பாடியதை அப்படியே வாங்கிப் பாட வேண்டியவன் பின்பாட்டுக்காரன். பாட்டு யாருடையது என்று அந்தக் கூட்டத்தில் நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். நீ நிறுத்தியிருந்தால் என் மானமும் கல்யாணமும் அங்கேயே போயிருக்கும். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நீ கட்டிய பாட்டில் என் பேரை வைத்து, எப்போதும்போல் அழுத்தி, இரண்டு தரம் பாடினாய்.

ஸ்டேஷன் வரை கூட வந்தாய். திட்டுவாய் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் எதையாவது சொல்லிச் சண்டை போட்டு, உன்மேலேயே பழியைப் போட்டிருப்பேன். நீ, "சுருதி கொஞ்சம் ஏறிப்போச்சுய்யா இன்னிக்கு. அடுத்த வாட்டி குறைச்சு வச்சுக்கிறேன்" என்றாய். அவ்வளவுதான். கிள்ளான் வரும்வரை எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வந்தது.

கல்யாணம் நடந்தது. மாமனார் பாசாரில் சாமான் வாங்கப் போன இடத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் என் பாட்டைப் பற்றிப் பேசினார். அதற்குப் பிறகு நீ அந்தப் பாட்டைச் சபையில் பாடவே இல்லை. ஒரு தைப்பூசத்தில் பத்துமலை அடிவாரத்தில் உன்னைச் சுற்றிக்கொண்டு அதையே கேட்டார்கள். "அது கிள்ளான்காரரு பாட்டு. அவரு வருவாரு, அவரைப் பாடச் சொல்லுங்க" என்றாய். நான் உன் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். துணிச்சல் வரவில்லை.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, பதினாறாம் நாள், உன் வீட்டில் பஜனை. என் மாமனாரும் வந்திருந்தார். நான் அந்தப் பாட்டை எடுத்தேன். கடைசி அடியில் உன் பேரைச் சொல்லிப் பாடினேன். பாவத்தை ஒரு அடியில் கழுவிவிடலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

நிலைப்படியில் சாய்ந்திருந்த உன் மனைவி நிமிர்ந்தாள். "அண்ணே, கடைசி அடி தப்பாப் போச்சே. உங்க பேருதானே வரும்? வீட்டுல எப்பவும் அப்படித்தான் பாடுவாங்க."

வீட்டிலுமா! கட்டியவளிடம்கூடவா மறைப்பாய்? தனியாக இருக்கும்போதாவது உன் பேரைச் சொல்லிப் பாடியிருப்பாய் என்றுதான் இத்தனை வருஷமும் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

"இல்ல தங்கச்சி. பாட்டு அவனோடது. பொண்ணு கட்டணும்னு நான்தான் பேரை மாத்தினேன். அவன் கடைசி வரைக்கும் காட்டிக் குடுக்கல" என்றேன். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். பார்க்கட்டும்.

தங்கச்சி நிலைப்படியை விட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். பிறகு, "முதல்லேருந்து பாடுங்கண்ணே. அவங்க பாட்டுன்னு தெரிஞ்சு நான் கேட்டதே இல்ல" என்றாள்.

பாடினேன். பின்பாட்டுக்கு ஆள் இல்லை. இரண்டாம் அடியிலிருந்து அவளே மெல்ல வாங்கிப் பாட ஆரம்பித்தாள். கடைசி அடி நெருங்க நெருங்க எனக்குப் பயம். ஆஸ்பத்திரியில் உன் பேரைக் கேட்டபோதுகூட, புருஷன் பேரைச் சொல்லக் கூடாதென்று என்னைச் சொல்லச் சொன்னவள் அவள். நான் உன் பேரைப் பாடி நிறுத்தினேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்த அடியை வாங்கினாள். உன் பேரை முழுசாக, நீ என் பேரை அழுத்திப் பாடுவாயே, அதே அழுத்தத்தோடு, இரண்டு தரம் பாடினாள்.