வெள்ளிக் கை

அல்பெர்கேரியா, பலெர்மோ, இத்தாலி
02.08.2024

அன்பு மகன் கீர்த்திகனுக்கு,

நான் சுகம். உன் சுகத்தைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது. போன் எடுத்தால் "பிறகு கதைக்கிறன் அம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்கமாட்டாய்தானே?

பயிற்சியில் வலது தோள் தசை கிழிந்ததைக் விளையாட்டுக் கழகத்துக்குச் சொல்லாமல், ஊசி போட்டுக்கொண்டு பந்து எறிகிறாய் என்றாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சியாகுல்லித் தோட்டத்தில் நான் மண்டரின் தோடம்பழம் பிடுங்க, நீ எட்ட நின்று கூடைக்குள் எறிந்து விளையாடிய கை அது. ஃபுட்போல் என்றால் காலால் உதைப்பது என்று நினைத்துச் சப்பாத்து வாங்கித் தந்தேன். நீ என்னடா என்றால், கையால் எறிகிற அமெரிக்க ஃபுட்போலுக்குப் போய்க் குவார்ட்டர்பேக் ஆகி நிற்கிறாய்.

பயப்படாதே. மலைக் கோயிலுக்கு ஏறி, இந்த ஊரைக் காக்கிற சாந்தா ரொசாலியாத் தாயிடம் நேர்த்தி வைத்துவிட்டேன். தோள் சுகமானால் வெள்ளியில் கை செய்து சாத்துவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்பு அம்மா

அமெரிக்கா
15.08.2024

அம்மாவுக்கு,

தோள் விஷயத்தை ஒருவரிடமும் வாய் திறக்கவேண்டாம். அணியில் பந்து எறிகிறவன் குவார்ட்டர்பேக்தான். அவனுக்குத் தோள்தான் எல்லாம். நான் இரண்டாவது ஆள். முதல் ஆள் விழுந்தால்தான் எனக்கு இடம். காயம் என்று தெரிந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்வார்கள்.

பத்திரிகைக்காரர் அழைத்தால் பேசாதீர்கள். நீங்கள் வீடு துடைக்கிற கதை இங்கே தேவையில்லை.

கீர்த்தி

அல்பெர்கேரியா
16.09.2024

என் செல்லத்துக்கு,

பார்த்தேனடா. முதல் ஆள் நொண்டிக்கொண்டு போக, நீ இறங்கி எறிந்ததை நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவின் கொம்பியூட்டரில் பார்த்தேன். விளையாட்டு ஒன்றும் விளங்கவில்லை. நீ எறிய அங்கே சனம் எல்லாம் எழும்பியது. நானும் துடைக்கிற துணியோடு எழும்பினேன்.

தோள் சுகமில்லாமல் அப்படி எறிய ஏலுமா? நேற்று நேர்த்தியை முடித்தேன். வெறுங்காலோடு ஏறினேன், பிரான்காச்சோவிலிருந்து என் சிநேகிதி சிவமலரும் கூட வந்தாள். யாருடைய கை என்று தெரியாமல் தாய் யாரைக் காப்பாள்? அதனால் உன் பெயர், கழகத்தின் பெயர், "கிழிந்த வலது தோள் சுகமானதற்கு நன்றி" என்று இத்தாலியனில் அட்டை எழுதிக் கையோடு கட்டிவிட்டேன். சிவமலர் வடிவாகப் படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டிருக்கிறாள். எங்கள் சனம் எல்லாம் உன்னை வாழ்த்துகிறது.

நீ சொன்னபடி நான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

அன்பு அம்மா

அமெரிக்கா
30.09.2024

அம்மாவுக்கு,

போனில் உங்கள் குரலைக் கேட்கப் பொறுமை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்தப் படம் கழகம்வரை வந்துவிட்டது. கூப்பிட்டு, இந்த அட்டையை எழுதியது யார் என்று கேட்டார்கள். பலெர்மோவில் யாரோ ஒரு விசரி என்றேன். அம்மாவா என்று கேட்டார்கள். என் அம்மா நான் சின்னவனாக இருக்கும்போதே செத்துவிட்டாள் என்றேன். நம்பவில்லை. தோளை ஸ்கேன் செய்தார்கள். மறைத்து விளையாடினேன் என்று நிற்பாட்டிவிட்டார்கள். இனி என்னை எந்தக் கழகமும் தொடாது.

ஊரார் கக்கூஸ் கழுவுகிற உங்களுக்கு என் தொழில் விளங்கும் என்று நினைத்தது என் பிழை. அவர்களிடம் சொன்ன பொய்யை இனி நான் உண்மையாகவே வைத்துக்கொள்கிறேன். எழுதவேண்டாம்.

அல்பெர்கேரியா
25.10.2024

கீர்த்திகனுக்கு,

கடிதம் கிடைத்தது. அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சிவமலர் பேஸ்புக்கிலிருந்து படத்தை அழித்துவிட்டாள், அவளைத் திட்டாதே. அட்டை எழுதியது நான்.

நேற்று மலைக்குப் போய், கோயில் பார்க்கிற பெரியவரிடம் கையைத் திருப்பிக் கேட்டேன். மனுசன் திகைத்துவிட்டார். "குடுத்ததை ஒருத்தரும் திருப்பிக் கேக்கிறேல்லை, சிஞ்ஞோரா. பிள்ளைக்குக் கூடாது" என்றார்.

"எனக்குப் பிள்ளை இல்லை" என்றேன்.

கழற்றித் தந்தார். இப்போது அது குசினி லாச்சிக்குள் கரண்டிகளோடு கிடக்கிறது.

இனித் தோள் நொந்தால் டொக்டரிடம் காட்டு. இங்கே உனக்காக மலையேற ஆளில்லை.

இராசேஸ்வரி